குடல் அழற்சி நோய்க்குச் சத்து மாத்திரை: வாங்கும் முன் செய்ய வேண்டியவை, படிப்படியாக

ஐபிடி (குடலில் நீண்டகாலம் நீடிக்கும் அழற்சி நோய்) என்று மருத்துவர் சொல்லி ஒரு வாரம்கூட ஆகியிருக்காது, அதற்குள் ஆளுக்கொரு டப்பாவைச் சிபாரிசு செய்யத் தொடங்கிவிடுவார்கள். மீன் எண்ணெய், குர்குமின் (மஞ்சளில் உள்ள பொருள்), புரோபயாட்டிக் (நன்மை செய்யும் நுண்ணுயிர்கள்), துத்தநாகம், கற்றாழைச் சாறு. எல்லாரும் அக்கறையோடுதான் சொல்கிறார்கள். ஆனால் எதை முதலில் செய்வது, எதற்குப் பரிசோதனை வேண்டும், எது வீண் செலவு என்று வரிசையாகச் சொல்ல ஆள் கிடைப்பதில்லை. எனக்கும் கிடைக்கவில்லை. மருத்துவரிடம் கொஞ்சம், மருந்தாளுநரிடம் கொஞ்சம், உணவியல் நிபுணரிடம் கொஞ்சம் என்று கேட்டுக் கேட்டுச் சேர்த்ததை இங்கே வரிசைப்படுத்தி வைக்கிறேன்.

ஒன்றை முதலிலேயே பிரித்துக்கொள்ளுங்கள். சத்து மாத்திரைகள் இரண்டு வேலைகளுக்காக விற்கப்படுகின்றன. உடம்பில் குறைந்துபோன சத்தை நிரப்புவது ஒன்று, குடலில் உள்ள அழற்சியைத் தணிப்பது மற்றொன்று. முதல் வேலையை அவை நன்றாகவே செய்யும். இரண்டாவதற்கு ஆதாரம் பெரும்பாலும் மெலிவு, சிலவற்றுக்கு இல்லவே இல்லை. எந்த டப்பாவை எடுத்தாலும், இது இந்த இரண்டில் எதற்கு என்று முதலில் கேளுங்கள்.

இன்னொன்று: கீழே உள்ள எதுவும் மெசலமைன், அசதயோப்ரின், பயாலஜிக் ஊசி போன்ற ஐபிடி மருந்துகளுக்கு மாற்று அல்ல. மருந்தை நிறுத்திவிட்டுச் சத்து மாத்திரையில் ஓட்டிப் பார்க்கலாம் என்ற எண்ணம் இருந்தால், முதலில் மருத்துவரிடம் பேசுங்கள்.

1. காகிதங்களைச் சேருங்கள்

கடைசியாகச் செய்த கொலோனோஸ்கோபி அறிக்கை, ஸ்கேன் அறிக்கை, அறுவை சிகிச்சை நடந்திருந்தால் டிஸ்சார்ஜ் சம்மரி, ஓராண்டு ரத்தப் பரிசோதனை முடிவுகள், இப்போது எடுக்கும் மருந்துகளின் பட்டியல் (எவ்வளவு, எத்தனை வேளை என்பதோடு). ஏற்கெனவே சத்து மாத்திரை எடுத்துக்கொண்டிருந்தால் ஒவ்வொரு டப்பாவின் முன்பக்கத்தையும் பின்பக்கத்தையும் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். மருத்துவரின் அறையில் "ஏதோ மல்டிவைட்டமின்" என்று சொன்னால் அதை வைத்து யாராலும் எதுவும் செய்ய முடியாது.

இந்தக் காகிதங்களில் மூன்று விஷயங்களைத் தேடி அடிக்கோடிடுங்கள். ஐபிடியின் இரண்டு முக்கிய வகைகளில் உங்களுக்கு எது: குடலில் எங்கும் வரக்கூடிய க்ரோன் நோயா, பெருங்குடலில் வரும் அல்சரேட்டிவ் கொலைடிஸா (கீழே சுருக்கமாகக் கொலைடிஸ்)? சிறுகுடலின் கடைசிப் பகுதி பாதிக்கப்பட்டிருக்கிறதா, அல்லது வெட்டி எடுக்கப்பட்டிருக்கிறதா, எத்தனை சென்டிமீட்டர்? குடலில் எங்காவது சுருக்கம், அதாவது ஸ்ட்ரிக்சர் உண்டா? பின்னால் வரும் பாதி முடிவுகள் இந்த மூன்றைப் பொறுத்தவைதான்.

2. அழற்சி இப்போது இருக்கிறதா என்று அளந்து பாருங்கள்

வயிறு உப்புவதும் வலிப்பதும் எப்போதும் அழற்சியால் அல்ல. அழற்சி அடங்கிய பிறகும் ஐபிஎஸ் (அழற்சி இல்லாமலே வயிற்றைப் படுத்தும் நிலை) போன்ற தொந்தரவு பலருக்குத் தொடர்கிறது. தொந்தரவே இல்லாமல் அழற்சி உள்ளே நடந்துகொண்டிருப்பதும் உண்டு. அதனால் "இதை எடுத்ததிலிருந்து வயிறு இலேசாக இருக்கிறது" என்பதை வைத்து அழற்சி குறைந்துவிட்டதாகச் சொல்ல முடியாது.

மலத்தில் பார்க்கும் கால்ப்ரொடெக்டின் என்ற புரதத்தின் பரிசோதனை இதற்கு உதவும். ஒரு கிராம் மலத்துக்கு 50 மைக்ரோகிராமுக்குக் கீழே என்றால் பொதுவாகச் சரி. 250-க்கு மேல் என்றால் அழற்சி இருக்க வாய்ப்பு அதிகம். நடுவில் வந்தால் சில வாரம் கழித்துத் திரும்பப் பார்க்கச் சொல்வார்கள். ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரைகளும் வயிற்றுத் தொற்றும் இந்த எண்ணை ஏற்றிவிடும், எனவே அண்மையில் அவை இருந்திருந்தால் சொல்லிவிடுங்கள். முடிந்தால் ஒவ்வொரு முறையும் ஒரே ஆய்வகத்தில் கொடுங்கள். ஆய்வகங்கள் வெவ்வேறு முறைகளில் அளப்பதால், இரண்டு இடத்து எண்களை ஒப்பிட்டுக் குழம்ப வேண்டியிருக்கும்.

ரத்தத்தில் பார்க்கும் சிஆர்பி (அழற்சியின்போது ஏறும் புரதம்) மலிவானது. ஆனால் சிலருக்கு, குறிப்பாகக் கொலைடிஸ் உள்ளவர்களில் பலருக்கு, அழற்சி இருந்தும் அது ஏறாது. கால்ப்ரொடெக்டினுக்குச் செலவு கூடுதல். மருத்துவர் எழுதிக்கொடுத்தால் காப்பீட்டில் வருமா என்று முன்பே கேட்டு வையுங்கள். அந்தச் செலவுக்கு யோசித்துவிட்டு, அதைவிட அதிகமாக மூன்று மாதம் டப்பாக்களுக்குச் செலவழிப்பவர்கள் நிறைய.

3. எது குறைகிறது என்று பாருங்கள்

ஹீமோகுளோபின், ஃபெரிட்டின் (உடலின் இரும்பு இருப்பைக் காட்டுவது), டிரான்ஸ்ஃபெரின் சாச்சுரேஷன் (ரத்தத்தில் இரும்பைச் சுமக்கும் புரதம் எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்பது), பி12, ஃபோலேட், 25-ஹைட்ராக்ஸி வைட்டமின் டி, கால்சியம், கல்லீரல் மற்றும் சிறுநீரகப் பரிசோதனைகள். மருந்துக்காக எப்படியும் அவ்வப்போது ரத்தம் எடுப்பார்கள், அதே ஊசியில் இவற்றையும் சேர்க்கச் சொல்லிக் கேளுங்கள். தனியாகப் போய்ப் பெரிய "முழு உடல்" தொகுப்பு வாங்கினால் உங்களுக்குத் தேவையில்லாத பத்துப் பரிசோதனைகளுக்கும் சேர்த்துக் கொடுப்பீர்கள்.

இங்கே கவனிக்க வேண்டிய பொறிகள் உண்டு.

ஃபெரிட்டின்தான் அதிகம் ஏமாற்றும். அழற்சி இருக்கும்போது இரும்புச்சத்து குறைந்திருந்தாலும் அது உயர்ந்து நிற்கும். அழற்சி இல்லாதவருக்கு லிட்டருக்கு 30 மைக்ரோகிராமுக்குக் கீழே போனால் இரும்புக் குறைபாடு. அழற்சி உள்ளவருக்கோ 100 வரை இருந்தாலும் குறைபாடு இருக்கலாம். ஆய்வக அறிக்கையில் "இயல்பு" என்று அச்சாகியிருக்கும், நீங்களும் நிம்மதியாகிவிடுவீர்கள். 70 என்று வந்திருந்தால் டிரான்ஸ்ஃபெரின் சாச்சுரேஷனையும் பாருங்கள். அது 20 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் மருத்துவரிடம் எடுத்துச் சொல்லுங்கள்.

துத்தநாகத்தில் இதற்கு நேர்மாறு. அழற்சி இருக்கும்போது ரத்தத்தில் அதன் அளவு இறங்கிக் காட்டும், உண்மையில் பெரிய குறை இல்லாவிட்டாலும்.

வைட்டமின் டி முடிவு இரண்டு அலகுகளில் வருகிறது. ஒரு மில்லிலிட்டருக்கு 20 நானோகிராம் என்பதும் லிட்டருக்கு 50 நானோமோல் என்பதும் ஒன்றுதான். எண்ணை மட்டும் பார்த்து இணையத்தில் ஒப்பிட்டால், குறைபாடு உள்ளவர் இல்லை என்று நினைத்துக்கொள்வார்.

அப்புறம் பயோட்டின். முடி, நகத்துக்கென்று விற்கும் மாத்திரைகளில் இது பெரிய அளவில் இருக்கும். சில ஆய்வகக் கருவிகளின் முடிவுகளை அது தலைகீழாக்கிவிடும். வைட்டமின், ஹார்மோன், இதயப் பரிசோதனைகள்கூடத் தப்பாக வரலாம். ரத்தம் கொடுப்பதற்கு எத்தனை நாள் முன்பு நிறுத்த வேண்டும் என்று ஆய்வகத்திலேயே கேளுங்கள்.

4. குறைந்ததை நிரப்புங்கள்

இரும்பில் தொடங்குவோம், ஏனென்றால் இதில்தான் நாட்கள் வீணாகின்றன. அழற்சி இருக்கும்போது கல்லீரல் ஹெப்சிடின் என்ற ஹார்மோனை அதிகம் சுரக்கிறது. அது குடலிலிருந்து இரும்பு ரத்தத்துக்குள் போகும் வழியை அடைத்துவிடும். மாத்திரையில் உள்ள இரும்பு உறிஞ்சப்படாமல் பெருங்குடலுக்குப் போய் வயிற்றைப் படுத்தும். அதனால்தான் நோய் தீவிரமாக இருப்பவர்களுக்கும், ஹீமோகுளோபின் 10-க்குக் கீழே போனவர்களுக்கும் ரத்தக்குழாய் வழியாக ஏற்றும் இரும்பையே சிபாரிசு செய்கிறார்கள். அது முதலில் செலவு பிடிக்கும், மருத்துவமனையில் உட்கார வேண்டும். ஆனாலும் மாதக்கணக்கில் மாத்திரை விழுங்கி எண் அசையாமல் இருப்பதைவிட அதுவே மேல் என்பது என் கருத்து.

அழற்சி அடங்கி, இரத்தச்சோகை இலேசாக இருந்தால் மாத்திரை போதும். அப்போதும் நாளுக்கு 100 மி.கி. இரும்புக்கு மேல் வேண்டாம் என்பதுதான் ஐபிடி நோயாளிகளுக்கான பரிந்துரை. இங்கே 100 மி.கி. என்பது மாத்திரையின் எடை அல்ல, அதில் உள்ள தனி இரும்பின் அளவு. 325 மி.கி. ஃபெரஸ் சல்பேட் மாத்திரையில் இருப்பது 65 மி.கி. இரும்பு. ஒன்றுவிட்டு ஒருநாள் எடுத்தால் உறிஞ்சும் விகிதம் கூடுகிறது, வயிற்றுத் தொந்தரவும் பலருக்குக் குறைகிறது. எனவே அப்படி எடுக்கலாமா என்று கேளுங்கள். காப்பி, தேநீர், கால்சியம் மாத்திரை ஆகியவற்றிலிருந்து இரண்டு மணிநேரமாவது தள்ளி எடுங்கள்.

இரும்பு மாத்திரை மலத்தைக் கறுப்பாக்கும். ரத்தக்கசிவு பற்றிய பயம் ஏற்கெனவே உள்ளவருக்கு இது பெரிய கலவரம். முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள், ஆனால் தார் போலப் பிசுபிசுப்பாக, கடும் நாற்றத்தோடு போனால் இரும்பின் மேல் பழிபோடாமல் உடனே காட்டுங்கள்.

4 வாரத்தில் ஹீமோகுளோபின் 2 கிராம் ஏறினால் சிகிச்சை சரியாகப் போகிறது. ரத்தக்குழாய் வழியாக ஏற்றியிருந்தால் 4 முதல் 8 வாரம் வரை ஃபெரிட்டின் பார்க்காதீர்கள். எண் செயற்கையாக உயர்ந்திருக்கும், பரிசோதனைப் பணம் வீண்.

பி12 சிறுகுடலின் கடைசிப் பகுதியில்தான் உறிஞ்சப்படுகிறது. அங்கே 20 சென்டிமீட்டருக்கு மேல் வெட்டி எடுத்திருந்தால் குறைபாடு வர வாய்ப்பு அதிகம், பெரும்பாலும் ஊசிதான் போடுவார்கள், அதுவும் வாழ்நாள் முழுதும். பி12 பார்க்காமல் ஃபோலிக் அமிலம் மட்டும் எடுக்காதீர்கள். ரத்தச்சோகை சரியாகித் தெரியும், நரம்புச் சேதம் உள்ளே தொடரும்.

ஃபோலிக் அமிலம் மெத்தோட்ரெக்சேட் எடுப்பவர்களுக்குக் கண்டிப்பாகத் தேவை, சல்ஃபாசலசைன் எடுப்பவர்களுக்கும் பெரும்பாலும் தருவார்கள். மெத்தோட்ரெக்சேட் வாரம் ஒருமுறை மட்டும் எடுக்கும் மருந்து. அதைத் தினமும், ஃபோலிக் அமிலத்தை வாரம் ஒருமுறையும் என்று மாற்றி எடுத்தால் உயிருக்கே ஆபத்து. இரண்டு மாத்திரையும் பார்க்க ஒரேமாதிரி மஞ்சளாக இருப்பது உண்டு. நாட்காட்டியில் இரண்டு வேறு நிறத்தில் குறியுங்கள்.

ஸ்டீராய்டு தொடங்கும் அன்றே கால்சியமும் வைட்டமின் டியும் வேண்டுமா என்று கேளுங்கள், எலும்புத் தேய்வு தொடக்க மாதங்களிலேயே வேகமாக நடக்கும். வைட்டமின் டியைக் கொழுப்புள்ள சாப்பாட்டோடு எடுத்தால் நன்றாகச் சேரும். மருத்துவர் சொல்லாமல் நாளுக்கு 4,000 ஐயூவை (லேபிளில் IU என்றிருக்கும் சர்வதேச அலகு) தாண்ட வேண்டாம். வாரம் ஒருமுறைக்கான பெரிய மாத்திரையைத் தினமும் விழுங்கி, ரத்தத்தில் கால்சியம் ஏறி மருத்துவமனை போனவர்கள் உண்டு. திரும்பப் பார்ப்பது 3 மாதம் கழித்து.

துத்தநாகம் நீண்ட வயிற்றுப்போக்குக்குப் பிறகு சில வாரத்துக்கு நல்லது. மாதக்கணக்கில் அதிக அளவில் எடுத்தால் செம்புச்சத்து குறைந்து, அதிலிருந்து வேறு ரத்தச்சோகை வரும்.

5. "அழற்சியைத் தணிக்கும்" டப்பாக்களை எடைபோடுங்கள்

மீன் எண்ணெய்: க்ரோன் நோயில் இதைத் தெளிவாகச் சோதித்துவிட்டார்கள். 2008-ல் வெளியான, எபிக் என்று பெயரிட்ட இரண்டு ஆய்வுகளில், நாளுக்கு 4 கிராம் ஒமேகா-3 கொடுத்தும் நோய் திரும்புவது குறையவில்லை. வேறு காரணத்துக்கு எடுப்பது வேறு விஷயம். குடலுக்கென்று வாங்க வேண்டாம்.

குர்குமின் கொஞ்சம் சுவாரசியமானது. இலேசான அல்லது நடுத்தரக் கொலைடிஸ் உள்ள 50 பேரிடம் 2015-ல் வெளியான ஓர் ஆய்வில், மெசலமைனோடு சேர்த்து நாளுக்கு 3 கிராம் கொடுத்தபோது பாதிக்குச் சற்று மேற்பட்டவர்களுக்கு ஒரு மாதத்தில் நோய் அடங்கியது. போலி மாத்திரை எடுத்தவர்களில் ஒருவருக்கும் அடங்கவில்லை. நம்பிக்கை தரும் முடிவுதான், ஆனால் சிறிய ஆய்வு. நாளுக்கு 450 மி.கி. கொடுத்த வேறோர் ஆய்வில் பலன் இல்லை. கடையில் கிடைக்கும் பல காப்ஸ்யூல்கள் இந்த அளவுக்குப் பக்கத்தில்தான் இருக்கின்றன. மஞ்சள்தூளில் குர்குமின் எடையில் 3 சதவீதம் போல்தான், ஆகவே தூளைச் சாப்பிட்டு 3 கிராமை எட்டுவது நடக்காத காரியம். க்ரோன் நோய்க்கு இந்த முடிவுகள் பொருந்தாது. இன்னொரு எச்சரிக்கையும் உண்டு: மிளகிலிருந்து எடுக்கும் பைப்பரின் சேர்த்து, உறிஞ்சுதலைக் கூட்டிய தயாரிப்புகளால் கல்லீரல் பாதிப்பு பதிவாகியிருக்கிறது.

புரோபயாட்டிக்கில் "எது" என்பதே கேள்வி. அல்சரேட்டிவ் கொலைடிஸ் திரும்பாமல் காப்பதில் ஈ.கோலை நிஸ்ஸல் 1917 என்ற வகை மெசலமைனுக்கு ஏறக்குறைய நிகராக வந்திருக்கிறது. பெருங்குடலை எடுத்துவிட்டுச் சிறுகுடலாலேயே உள்ளே பை அமைத்தவர்களுக்கு வரும் பௌச்சைட்டிஸுக்கு (அந்தப் பையின் அழற்சிக்கு) எட்டு வகை பாக்டீரியா சேர்ந்த ஒரு கலவைக்கு ஆதாரம் உண்டு. க்ரோன் நோய்க்கு நம்பத்தக்க எதுவும் இல்லை. அமெரிக்க இரைப்பை-குடலியல் சங்கம் 2020-ல் வெளியிட்ட வழிகாட்டுதல், க்ரோனுக்கும் கொலைடிஸுக்கும் புரோபயாட்டிக்கை மருத்துவ ஆய்வுக்குள் மட்டும் கொடுக்கச் சொல்கிறது. பெயரை மட்டும் பார்த்து வாங்குவதிலும் சிக்கல் இருக்கிறது: எட்டு வகைக் கலவையாகப் புகழ்பெற்ற விஎஸ்எல்#3 என்ற பெயரில் 2016 முதல் அமெரிக்காவில் விற்றது வேறு தயாரிப்பு. ஆய்வுகளில் சோதிக்கப்பட்ட கலவை வேறு பெயருக்குப் போய்விட்டது. நோயெதிர்ப்பு மிகவும் குறைந்தவர்களும், மையச் சிரைக் குழாய் (பெரிய ரத்தக்குழாயில் வைக்கும் குழாய்) போட்டிருப்பவர்களும் உயிருள்ள பாக்டீரியா, ஈஸ்ட் காப்ஸ்யூல்களைத் தொடவே வேண்டாம்.

இசப்கோல் உமி அமைதியான கொலைடிஸில் சிலருக்கு உதவும். ஸ்ட்ரிக்சர் உள்ளவர் எடுத்தால் குடல் அடைத்துக்கொள்ளலாம். முதல் படியில் அடிக்கோடிடச் சொன்னது இதற்குத்தான்.

இண்டிகோ நேச்சுராலிஸ் என்ற நீலப் பொடியைப் பற்றியும் கேள்விப்படுவீர்கள். கொலைடிஸில் அது வேலை செய்வது ஆய்வில் தெரிந்தது உண்மை. நுரையீரல் ரத்தக்குழாயில் அழுத்தம் ஏறுவதும் உண்மை. ஜப்பானிய சுகாதார அமைச்சகம் 2016-ல் எச்சரிக்கை விட்டது. "இயற்கையானது, அதனால் ஒன்றும் ஆகாது" என்பவர்களுக்கு நான் காட்டும் உதாரணம் இதுதான்.

வேடிக்கை என்னவென்றால், அழற்சியைத் தணிப்பதாக வலுவான ஆதாரம் உள்ள டப்பாவை யாரும் விளம்பரம் செய்வதில்லை. க்ரோன் நோய் உள்ள குழந்தைகளுக்கு 6 முதல் 8 வாரம் வேறு சாப்பாடே இல்லாமல் முழுமையான ஊட்டச்சத்துப் பானம் மட்டும் கொடுப்பது முதல்நிலைச் சிகிச்சை. இது கொலைடிஸுக்குப் பொருந்தாது. வழக்கமான சாப்பாட்டோடு இரண்டு டம்ளர் குடிப்பதும் இதற்குச் சமமாகாது. உணவியல் நிபுணரின் கண்காணிப்பு இல்லாமல் தொடங்கவும் கூடாது.

6. மருந்தோடு மோதுமா என்று கேளுங்கள்

பட்டியலை மருந்தாளுநரிடம் நீட்டுங்கள், பல இடங்களில் இதற்குக் கட்டணம் கிடையாது. செயின்ட் ஜான்ஸ் வோர்ட் என்ற மூலிகை டோஃபாசிடினிப், உபடாசிடினிப், சைக்ளோஸ்போரின் போன்ற ஐபிடி மருந்துகளின் அளவை ரத்தத்தில் இறக்கிவிடும். கொலஸ்டிரமின் எடுப்பவர்கள் மற்ற மருந்தையும் வைட்டமினையும் அதற்கு ஒரு மணிநேரம் முன்போ, 4 முதல் 6 மணிநேரம் பின்போ எடுக்க வேண்டும்.

அசதயோப்ரின், மெத்தோட்ரெக்சேட் எடுப்பவர்களுக்கு ஒரு தனி வார்த்தை. இவை இரண்டுமே கல்லீரலைப் பாதிக்கக்கூடியவை. கூடவே பச்சைத் தேயிலைச் சாறு, அசுவகந்தா, அடர் குர்குமின் என்று எதையாவது எடுத்து, அடுத்த பரிசோதனையில் கல்லீரல் நொதி ஏறினால், காரணம் எது என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. நன்றாக வேலை செய்துகொண்டிருந்த மருந்தை நிறுத்தும்படி ஆகலாம். டப்பாவின் விலையைவிட இதுதான் பெரிய செலவு.

7. லேபிளைப் படித்து, ஒருநாள் செலவைக் கணக்கிடுங்கள்

முன்பக்கத்து எண்ணை நம்பாதீர்கள். "1000 மி.கி." என்பது மூன்று காப்ஸ்யூலுக்கான கணக்காக இருக்கும். ஒரு வேளைக்கு எத்தனை காப்ஸ்யூல், அதில் வேலை செய்யும் பொருள் எவ்வளவு என்று பின்பக்கத்தில் பாருங்கள். டப்பா விலையை அதிலுள்ள காப்ஸ்யூல் எண்ணிக்கையால் வகுத்து, உங்களுக்குத் தேவையான அளவை எட்ட ஒருநாளைக்கு எத்தனை வேண்டுமோ அதனால் பெருக்குங்கள். மலிவான டப்பா விலை கூடியதாகவும், விலை கூடிய டப்பா மலிவாகவும் மாறுவதைப் பார்ப்பீர்கள்.

அளவு சொல்லாமல் "சிறப்புக் கலவை" என்று மொத்தமாகப் போட்டிருந்தால் திரும்ப அலமாரியில் வைத்துவிடுங்கள். சார்பிட்டால், மன்னிட்டால், இன்யூலின் சேர்ந்திருந்தால் வயிறு உப்பி வயிற்றுப்போக்கு வரலாம். மிட்டாய் போன்ற வைட்டமின்களில் இவை சகஜம். மெக்னீசியமும் அதிக அளவு வைட்டமின் சியும் மலத்தை இளக்கும். சிறுகுடல் பாதித்தவர்களுக்கு ஏற்கெனவே சிறுநீரகத்தில் ஆக்சலேட் கல் வரும் வாய்ப்பு கூடுதல், வைட்டமின் சி அதையும் கூட்டும். யுஎஸ்பி, என்எஸ்எஃப் போன்ற முத்திரை இருந்தால், உள்ளே இருப்பது லேபிளில் உள்ளதுதான் என்று வெளியார் சோதித்திருக்கிறார்கள் என்று பொருள். நோய்க்கு வேலை செய்யும் என்று பொருள் அல்ல.

இலியோஸ்டமி (சிறுகுடலை வயிற்றுச் சுவர் வழியே வெளிப்பைக்குத் திறந்துவிட்ட அறுவை சிகிச்சை) உள்ளவர்கள் கெட்டிப் பூச்சுள்ள மாத்திரையைத் தவிர்த்துத் திரவமாகவோ மென்று தின்பதாகவோ கேளுங்கள். மாத்திரை கரையாமல் முழுதாகப் பைக்கு வந்துவிடுவது உண்டு.

8. ஒருநேரத்தில் ஒன்று, தேதி போட்டு

டப்பாவின் மூடியில் தொடங்கிய தேதியை எழுதுங்கள். அடுத்ததைத் தொடங்க 2 முதல் 4 வாரம் இடைவெளி விடுங்கள். மருந்தின் அளவை மாற்றிய வாரத்தில் புதிதாக எதையும் சேர்க்காதீர்கள். தினமும் எத்தனை முறை போனீர்கள், ரத்தம் உண்டா, வலி உண்டா என்று ஒரு வரி போதும், பெரிய நாட்குறிப்பு எழுதத் தொடங்கினால் மூன்றாம் நாளே விட்டுவிடுவீர்கள். 3 மாதத்தில் சம்பந்தப்பட்ட பரிசோதனையைத் திரும்பச் செய்து பாருங்கள். எண் அசையவில்லை என்றால் அடுத்த டப்பா வாங்க வேண்டாம்.

9. எப்போது நிறுத்துவது

கொலோனோஸ்கோபிக்குச் சுமார் ஒரு வாரம் முன்பு இரும்பு மாத்திரையை நிறுத்தச் சொல்வார்கள், கறுத்த மிச்சம் குடல் சுவரை மறைத்துவிடும். இசப்கோலும் அப்படியே. அறுவை சிகிச்சைக்கு முன் எல்லா டப்பாக்களையும் மயக்க மருந்து நிபுணரிடம் சொல்லிவிடுங்கள்.

கண் மஞ்சளாவது, சிறுநீர் கறுப்புக் காப்பி நிறத்தில் போவது, உடம்பு முழுதும் அரிப்பு: இவற்றில் எது வந்தாலும் சத்து மாத்திரைகளை அன்றே நிறுத்திவிட்டு மருத்துவரைக் கூப்பிடுங்கள், ஆனால் மருந்தை நிறுத்துவதா என்று அவர் சொல்லட்டும். வயிறு வீங்கி, வாந்தி வந்து, காற்றுகூடப் பிரியவில்லை என்றால் தொலைபேசியில் நேரத்தை வீணாக்காமல் அவசரப் பிரிவுக்குப் போங்கள். போகும்போது டப்பாக்களையும் ஒரு பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள்.